பாய் கடையில் இருந்த பணம்

வட்டி என்றால் என்னவென்று மணிமொழி சொல்லி முடித்ததும் ரங்கம்மாள் சிரித்துவிட்டாள். நாள் முழுக்க மரவள்ளிக் கிழங்கின் தோலைச் சீவிய கத்தி இன்னும் அவள் மடியில் கிடந்தது. விரல் இடுக்குகளில் கிழங்குப் பால் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. "நம்ம துட்ட நாம குடுத்து வைக்கிறோம். அதுக்கு அவங்க மேல போட்டுக் குடுக்கிறாங்களா? எதுக்கு டீச்சரு? நம்ம மேல அவங்களுக்கு இன்னா அம்புட்டு ஆசை?" என்று கேட்டாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களும் சிரித்தார்கள். ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லின் எடைக் கொட்டகையில் சாயங்காலம் நடக்கிற வகுப்பு அது. கழிவு வாய்க்காலின் புளித்த வாடை கொட்டகைக்குள் வந்து நின்றுகொண்டே இருக்கும். முதல் வாரம் மணிமொழிக்குக் குமட்டியது, பிறகு பழகிவிட்டது.

ரங்கம்மாளின் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. "அவங்க சும்மா பூட்டி வைக்க மாட்டாங்கக்கா. உங்க பணத்த வேற ஆளுக்குக் கடனா குடுப்பாங்க. அதுல வர்ற லாபத்துல ஒரு பங்கு உங்களுக்கு." ரங்கம்மாள் சிரிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள். "அப்ப பாயி கிட்ட நாங்க குடுத்து வச்சிருக்கோமே, அத்த அவரு இன்னா பண்றாரு?" மணிமொழி சற்றும் தயங்கவில்லை. "கடையில போட்டு யாவாரம் பண்றாரு. லாபம் அவருக்கு. உங்களுக்கு ஒண்ணும் கெடையாது."

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தன் வார்த்தை உள்ளே இறங்கிவிட்டது என்று மணிமொழிக்குப் புரிந்தது. அன்று வீட்டுக்கு சைக்கிள் மிதித்துப் போகும்போது அவளுக்கு உடம்பே இலேசாக இருந்தது.

எண்பத்தேழாம் வருஷம் ஆனி மாதம் அது. மணிமொழிக்கு இருபத்து நான்கு வயது. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தாள். கள்ளக்குறிச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் இவளைப் போன்றவர்களுக்குப் பத்து நாள் பயிற்சி கொடுத்து, குடும்ப வரவு செலவு பற்றியும் சேமிப்பு பற்றியும் பாடம் எடுக்க அனுப்பியது. சனிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, மற்ற நாள் சாயங்காலங்களில் ஆலைத் தொழிலாளிகளுக்கு. சின்னசேலத்துக்குப் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி அவள் ஊர். ஆலை அங்கிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். அந்த ஆலையில் கிழங்கு சீவும் பெண்களில் பாதிப்பேர் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். ஆலைக்குப் பின்னால் வரிசையாகப் போட்டிருந்த தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்தார்கள். கொட்டகைகளுக்குக் கதவு என்று ஒன்று இருந்ததே தவிரப் பூட்டுப் போட வழி இல்லை. அதனால் சனிக்கிழமை கூலி வாங்கியதும், செலவுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை எதிரே இருந்த ஷேக் பரீத் கடையில் கொடுத்துவிடுவார்கள். அரிசி, புளி, மண்ணெண்ணெய், வெற்றிலை எல்லாம் அவர் கடையில்தான். மலைக்குத் திருவிழாவுக்குப் போகும்போது கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பாய் எதையும் எழுதி வைத்ததாக யாரும் பார்த்ததில்லை. யாருடையது எவ்வளவு என்று அவருக்கு மனசில் இருந்தது. அவர்களுக்கும் இருந்தது.

இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து மணிமொழிக்கு உறுத்தலாக இருந்தது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த எல்லாத் தவறுகளும் இந்த ஒரு ஏற்பாட்டில் இருந்தன. ரசீது இல்லை, வட்டி இல்லை, நாளைக்கு பாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால் கேட்க நாதி இல்லை. பக்கத்து ஊரில் கிளை அஞ்சலகம் இருந்தது. கணக்குத் தொடங்க ஒரு போட்டோ கூடத் தேவையில்லை, கைநாட்டு போதும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வட்டி பற்றிப் பேசிய அந்த நாளுக்குப் பிறகு அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரங்கம்மாள் நான்கைந்து பெண்களோடு வந்து நின்றாள். "நீயும் கூட வா டீச்சரு. பாயி கிட்ட வாயத் தொறந்து கேக்க எங்களுக்கு ஒரு மாதிரி இருக்குது."

ஷேக் பரீத் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பேச்சு கம்மி. ரங்கம்மாள் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டாள். மணிமொழிதான் முடித்தாள். அவர் இவளைப் பார்த்தார், பிறகு பெண்களைப் பார்த்தார்.

"எல்லாருமா?"

"ஆமாங்க பாய். எல்லாரும் போஸ்டாபீசுல போடலாம்னு."

"நல்லதுதாம்மா. ஒரே நாள்ல முடியாது. மூணு வாரம் குடுங்க, பிரிச்சிப் பிரிச்சிக் குடுத்துடறேன்."

சொன்னபடியே கொடுத்தார். ஒவ்வொருத்தியிடமும், எந்த மாசம் என்ன வாங்கினாள், பண்டிகைக்கு எவ்வளவு எடுத்தாள் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை. கடைசி ஞாயிறு எல்லாம் முடிந்த பிறகு மணிமொழியை உட்காரச் சொல்லி உள்ளே பார்த்து டீ கேட்டார். "தப்பா ஒண்ணும் நெனைக்கல. கவர்மெண்டு காப்பு இருக்குது. நான் மவுத்தா போயிட்டேன்னா இவங்க யாரப் போயிக் கேப்பாங்க?" என்றார். அவள் நினைத்ததையே அவர் வாயால் சொன்னது அவளுக்குப் பெரிய நிம்மதி. அவருடைய மனைவி ஆசியா பீவி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். தட்டிக்குப் பின்னாலிருந்து, "மொத்தத்தையுமா எடுத்துட்டாளுங்க?" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது. அதில் கோபம் இல்லை. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு விசாரிக்கிற குரலாக அது இருந்தது. மணிமொழிக்கு ஏன் என்று விளங்கவில்லை. டீ நன்றாக இருந்தது, குடித்துவிட்டு எழுந்தாள்.

கணக்குகள் தொடங்கியாயிற்று. கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்பார்வையாளர் கண்ணாயிரம் வந்து, இந்த வட்டாரத்திலேயே இவள் ஆலையில்தான் ஜாஸ்தி கணக்கு என்று தோளில் தட்டாத குறையாகப் பாராட்டினார். பெண்கள் பாஸ்புக்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசிப் பானைக்குள்ளும் தலையணைக்குள்ளும் வைத்துக்கொண்டார்கள். ரங்கம்மாள் மட்டும் வகுப்புக்கு வரும்போதெல்லாம் அதை இடுப்பில் செருகிக்கொண்டு வருவாள். ஒருநாள் அதை எடுத்துப் புரட்டிக்கொண்டே, "உன் பொஸ்தகம் எந்தக் கலரு டீச்சரு? எல்லாருக்கும் இதே கலருதானா?" என்று கேட்டாள். "இதேதான்" என்றாள் மணிமொழி.

அவளுக்குக் கணக்கு இல்லை. பிறந்ததிலிருந்து அவள் பெயரில் ஒரு ரூபாய் எங்கேயும் இருந்ததில்லை. சம்பளம் வாங்கியதும் கவரைப் பிரிக்காமல் அண்ணன் தமிழரசனிடம் கொடுப்பது வழக்கம். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. அப்பாவுக்கு நடமாட்டம் குறைந்த பிறகு நிலம், மாடு, கூலி, கல்யாணச் செய்முறை எல்லாம் அண்ணன் பார்த்துக்கொண்டான். அவனும் ஒரு பைசா வீண் செய்கிறவன் இல்லை. ஆனால் ரங்கம்மாளிடம் அப்படிச் சொன்ன பிறகு அவளுக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. ஆவணிச் சம்பளத்தைக் கொடுத்தபோது, புரட்டாசி பிறந்ததும் தானும் ஒரு கணக்குத் தொடங்கப் போவதாகவும், இந்தச் சம்பளத்தில் கொஞ்சம் அதற்கு எடுத்து வைக்கும்படியும் அண்ணனிடம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான், தலையசைத்தான்.

இரண்டு நாள் கழித்து அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஞாபகப்படுத்தினாள். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"அத்த நம்ம சாதிச் சங்கத்துக்குக் குடுத்துட்டேன் மணி. ஒரு வாரம் மறியல்னா சும்மாவா? வூட்டுக்கு இவ்ளோன்னு ஊர்ல பேசினாங்க. கையில அதான் இருந்துது."

"என்னக் கேக்காமயா?"

"உனக்காகத்தானே." அவன் நிமிர்ந்து பார்த்தான். உண்மையாகவே அவனுக்கு இவள் கேட்டது புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "நீ பதிஞ்சி எத்தினி வருசமாவுது? ஒரு கார்டு வந்துதா? நம்ம ஜனத்துக்கு வேலையில இருபது சதவீதம் ஒதுக்கீடுன்னு வந்துட்டா நீ இந்த சைக்கிள மிதிச்சிக்கினு மில்லு மில்லா போவியா? நீதானே சொல்லித் தர்றே, இன்னிக்கிப் போட்டு வச்சா நாளிக்கி மொதலும் வட்டியுமா வரும்னு. இதுவும் அதான்."

அவன் சொன்னது தப்பு என்றும் பட்டது, தப்பு எங்கே இருக்கிறது என்று பிடிக்கவும் முடியவில்லை. தனக்கு வேலை வர வேண்டும் என்று அவளும்தான் ஆசைப்பட்டாள். பயிற்சியில் அவளோடு படித்தவர்களில் சிலருக்கு வந்துவிட்டது. வராதவர்கள் யார் யார் என்று அண்ணன் விரல் விட்டு எண்ணிக் காட்டும்போது அவளுக்கும் நெஞ்சு எரிந்திருக்கிறது. தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள்.

புரட்டாசி பிறந்த அன்றே மறியல் தொடங்கியது. ஊரே சாலையில் இறங்கியது. நெடுஞ்சாலையில் இருந்த புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். ஊருக்கும் ஆலைக்கும் நடுவில் இருந்த சிறு பாலத்தருகே பெரிய மரம் ஒன்று விழுந்தது, அதன் பக்கத்தில் தமிழரசனும் இன்னும் இருபது முப்பது பேரும் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. சேலம் பக்கமிருந்தும் எதுவும் வரவில்லை, கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்தும் வரவில்லை. எங்கெங்கோ போலீஸ் சுட்டதாகவும் ஆட்கள் செத்ததாகவும் செய்தி வந்தது. எது நிஜம், எது பேச்சு என்று தெரியாமல் பெண்கள் வாசலில் கூடிக் கூடிக் கலைந்தார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மணிமொழி வயல் வரப்பு வழியாக நடந்து ஆலைக்குப் போனாள்.

ஆலை நின்றிருந்தது. மலையிலிருந்து கிழங்கு ஏற்றிவந்த லாரிகள் வழியில் எங்கோ மாட்டிக்கொண்டன. முன்னமே வந்து இறங்கிய கிழங்கும் அரைக்க ஆள் இல்லாமல் முற்றத்தில் குவிந்து கிடந்தது. மரவள்ளி இரண்டு நாள் தாங்காது. நீல வரி ஓடி, தொட்டால் அமுங்கியது. மேஸ்திரியும் மற்ற உள்ளூர்க்காரர்களும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மலைப் பெண்கள் மட்டும் கொட்டகை வாசல்களில் உட்கார்ந்திருந்தார்கள். சனிக்கிழமைக் கூலி கிடைக்கவில்லை, கூலி கொடுக்கும் முதலாளி சேலத்தில் இருந்தார். "கைல இருந்தது தீந்துடுச்சி டீச்சரு. போஸ்டாபீசுல எடுத்துக் குடு" என்று ரங்கம்மாள் எழுந்து வந்தாள்.

கிளை அஞ்சலகம் அரங்கநாதன் என்பவர் வீட்டின் முன்னறையில் நடந்தது. அவர் இவர்களைப் பார்த்ததுமே கையை விரித்தார். "என் கைல இருந்தத மொத நாளே வந்தவங்களுக்குக் குடுத்துட்டேம்மா. இது சின்ன ஆபீசு. மேல இருந்து பணப் பை வந்தாத்தான் நான் குடுக்க முடியும். ரோடு தொறக்கட்டும்." ரங்கம்மாள் பாஸ்புக்கைப் பிரித்து அவரிடம் நீட்டினாள். "இதுல இருக்குதுங்களே" என்றாள். "இருக்குது, யாரு இல்லைன்னது? உன் பேர்ல பத்திரமா இருக்குது. இங்க இல்ல." அவர் எரிந்து விழவில்லை, பொறுமையாகத்தான் சொன்னார். ரங்கம்மாள் புத்தகத்தை மூடி மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பாய் கடைக்குப் போனார்கள். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் மூட்டைகள் அடுக்கியிருக்கும் பக்கத்துச் சுவர் முழுதாகத் தெரிந்தது. அந்தச் சுவருக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்ததை மணிமொழி அன்றுதான் பார்த்தாள். அவர் அடியில் கிடந்த சாக்கை உதறி ஆளுக்கு ஒரு ஆழாக்கு அளந்து போட்டார், காசு கேட்கவில்லை. அதோடு அரிசி முடிந்தது.

"மறியல் வரும்னு ஒரு மாசமா பேசிக்கினுதானே இருந்தாங்க பாய்? சரக்கு எறக்கி வச்சிருக்கலாமே?" என்று மணிமொழி கேட்டாள்.

அவர் சாக்கை மடித்துக்கொண்டே இருந்தார். "எதுலம்மா எறக்கறது?" என்றார். "வருசா வருசம் ஆவணி கடசீல சேலம் மண்டிக்குப் போவேன். ரெண்டு மாசத்துச் சரக்கு ரொக்கத்துக்கு எடுத்துக்கினு வருவேன். மில்லு நின்னாலும் மழ புடிச்சாலும் இவங்களுக்குக் கடனாப் போட அதான் தாங்கும். அந்த ரொக்கம் இவங்களுதுதான். கைல இருந்தப்ப அது எனக்கே தெரியல. என் யாவாரம் நல்லா ஓடுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் மணிமொழி வாதாடியிருப்பாள். ரசீது இல்லாமல் வாங்கி வைத்தது தப்புதானே, ஏழைகளின் பணத்தை அவர்களைக் கேட்காமல் மண்டியில் போட்டது தப்புதானே என்று கேட்டிருப்பாள். கேட்கவும் செய்தாள், மனசுக்குள். அதற்கான பதிலும் அந்தக் காலிச் சுவரிலேயே இருந்தது. ஆனால் அந்தச் சுவரை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? அவர் செத்துப் போயிருந்தால்? கடை எரிந்து போயிருந்தால்? அப்போது இதே பெண்கள் எங்கே போய் நின்றிருப்பார்கள்? அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இப்போதும் சரியாகவே இருந்தது. அடுப்பு மட்டும் எரியவில்லை. இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துப் பார்ப்பது என்று தெரியாமல் வரப்பில் நடந்து வீட்டுக்கு வந்தாள். இரண்டு இடத்தில் கால் பிசகிச் சேற்றில் இறங்கினாள்.

மறுநாள் காலை அம்மாவிடம் கேட்டாள். அம்மா ஏன் என்று கேட்காமல், நெல்லை அரைத்து வைத்திருந்த அரிசியில் பாதி மூட்டையைக் கட்டிக் கொடுத்தாள். சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிறு போட்டாள் மணிமொழி. அவ்வளவு பாரத்தோடு வரப்பில் போக முடியாது. சாலை வழியாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

பாலத்தருகே விழுந்த மரத்தின் இலைகள் சுருண்டு உதிர ஆரம்பித்திருந்தன. ஆண்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள், சிலர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தமிழரசன் தாடியும் சிவந்த கண்ணுமாக எழுந்து வந்தான்.

"எங்க போற?"

"மில்லுக்கு. அங்க மலைக்காரப் பொம்பளைங்க சோறில்லாம இருக்காங்க, கொழந்தைங்க இருக்குது. வழி வுடு."

"ரோட்ல எதுவும் போகக் கூடாதுன்னு பேச்சு. நேத்து ஒரு கல்யாண வண்டியவே திருப்பி வுட்டோம். இன்னிக்கி எந் தங்கச்சி சைக்கிள வுட்டா, அவங்க எம் மூஞ்சில காறித் துப்ப மாட்டாங்க?"

"அப்ப அவங்க பட்டினி கெடக்கட்டுமா? அவங்க இன்னா பண்ணாங்க உங்கள?"

"நாங்க மட்டும் இன்னா பண்ணோம்? சுட்டிருக்காங்க, தெரியும்ல?" குரல் உயர்ந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "யாருக்காக இங்க வெயில்ல கெடக்கறேன்னு நெனைக்கிற?"

உனக்காக என்று அவன் சொல்லவில்லை. திரும்பிப் போகவும் மாட்டாள், அவனைத் தாண்டிப் போகவும் முடியாது. தமிழரசன் கேரியர் கயிற்றை அவிழ்த்தான். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தின் மேல் ஏறினான். கிளைகளுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடித் தேடி அந்தப் பக்கம் இறங்கினான், சாலையில் இறக்கி வைத்தான். வந்த வழியே திரும்பி வந்தான். சைக்கிளைக் காட்டி, "இது வராது" என்றான். அவன் கையில் கீறி இரத்தம் கசிந்திருந்தது. உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து தண்ணீர்க் குடத்தருகே போய் நின்றுகொண்டார், இதைப் பார்க்க வேண்டாம் என்பது போல.

சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு மணிமொழியும் மரத்தைத் தாண்டினாள். மூட்டையைத் தலையில் வைக்கவும் இறக்கவும் ஆள் இல்லாமல், அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கி நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி நடந்தாள். அண்ணன் மேல் கோபப்படுவதா, கும்பிடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பாதி வழியில் அழுகை வந்தது. எதற்கு அழுகிறோம் என்றும் தெரியவில்லை.

ஆலையில் பாதிப்பேர்தான் இருந்தார்கள். கால் நன்றாக இருந்தவர்கள் விடியற்காலையிலேயே மலையைப் பார்த்து நடந்துவிட்டார்களாம். கைக்குழந்தைக்காரிகளும், அவர்களை விட்டுப் போக மனமில்லாமல் ரங்கம்மாளும் தங்கிவிட்டார்கள். முந்தின நாள் ஆசியா பீவி தன் வீட்டில் மிச்சம் இருந்த அரிசியைப் பெரிய தேக்சாவில் போட்டுக் கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றியிருக்கிறாள். ரங்கம்மாள் மூட்டையை வாங்கிக் கொட்டகைக்குள் வைத்தாள். அடுப்பு மூட்டி உலை வைத்துவிட்டு வந்து மணிமொழி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டீச்சரு, எந் துட்டு அங்க பத்திரமா இருக்குதில்ல?"

"இருக்குதுக்கா."

"வட்டி ஏறிக்கினு இருக்குதா?"

"ஏறும்."

"இந்த நாலு நாளைக்குமா?"

"ஆமா. எல்லா நாளைக்கும்."

ரங்கம்மாள் மெல்லத் தலையாட்டினாள். "நாங்க பட்டினி கெடந்த நாளைக்கும் அது பாட்டுக்கு ஏறுது" என்றாள். கேலி இல்லை. வகுப்பில் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டால் எப்படித் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்ப்பாளோ, அப்படிச் சொல்லிப் பார்த்தாள். மணிமொழி உலைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாரம் முடிந்து சாலை திறந்தது. மரத்தை அறுத்து ஓரமாக உருட்டினார்கள். அதற்கு முந்தின நாளே தமிழரசனை மற்றவர்களோடு போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கடலூர் ஜெயிலில் இருக்கிறான் என்று ஒருவர் சொன்னார், வேலூர் என்று இன்னொருவர் சொன்னார். அப்பா தினமும் வெளியே கட்டிலைப் போட்டு சாலையைப் பார்த்தபடி படுத்திருந்தார். ஆலை ஓடத் தொடங்கியது, மலைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். மணிமொழி வகுப்புக்குப் போனாள். கரும்பலகையில் எழுதவேண்டிய அடுத்த பாடம், அவசரத் தேவைக்கு எடுத்து வைப்பது எப்படி என்பது. சாக்பீசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, வீட்டில் என்ன விசேஷம், மலையில் மழை பெய்ததா என்று விசாரித்து அனுப்பிவிட்டாள்.

ரங்கம்மாள் மட்டும் போகவில்லை. "எந் துட்ட எடுத்துக் குடு டீச்சரு" என்றாள்.

"எல்லாமா?"

"எல்லாந்தான். பாயி கிட்டயே போட்டுடறேன்."

மணிமொழி கண்ணாயிரத்திடம் கேட்டாள். அவர் ஆலைக்கு வந்திருந்தபோது ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் முகம் மாறியது. "ஒருத்தி மூடினா எல்லாரும் மூடுவாங்கம்மா. மேல நான் இன்னான்னு சொல்றது? இந்த ஒரு வாரம் மாதிரி திரும்ப வருமா? ஒரு வாரத்துக்காக நாப்பது வருசத்தக் கெடுத்துக்குவாங்களா? எடுத்துச் சொல்லுங்க. உங்க வேலையே அதுதானே." அவர் சொன்னதும் சரி. அதே வார்த்தைகளை அவளே ரங்கம்மாளிடம் சொன்னாள், முடிந்தவரை பொறுமையாக. ரங்கம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். "நீ சொல்றது புரியுது. உம்மேல எனக்கு வருத்தம் கெடையாது. ஆனா எனக்கு ராவுல தூக்கம் வரல. அந்தக் காலிக் கடையே கண்ணுல நிக்கிது" என்றாள். மணிமொழி அவளை அஞ்சலகத்துக்குக் கூட்டிப் போனாள். மூன்று நாள் அலைந்து, அரங்கநாதன் மேலே எழுதிப்போட்டு, பை வந்து பணம் கைக்கு வந்தது. ரங்கம்மாள் எண்ணிப் பார்க்கவில்லை. மணிமொழியை எண்ணச் சொன்னாள். இரண்டு மாத வட்டி சில்லறையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தனியாக எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, மற்றதோடு சேர்த்துக்கொண்டாள்.

இருவரும் பாய் கடைக்குப் போனார்கள். நடுப்பகல், கூட்டம் இல்லை. ரங்கம்மாள் முந்தானையை அவிழ்த்து நோட்டுகளைக் கல்லாப் பலகை மேல் வைத்தாள்.

"முந்தி மாதிரியே வச்சிக்க பாயி."

ஷேக் பரீத் தொடவில்லை. "வேணாம்மா" என்றார்.

"ஏன், எம்மேல கோவமா?"

"கோவம் இன்னாத்துக்கு? முந்தி யாரு காசுல கட ஓடுதுன்னு எனக்குத் தெரியாது, வாங்கிப் போட்டுக்கினு இருந்தேன். இப்ப தெரிஞ்சி போச்சி. நாளிக்கி ஒண்ணு ஆச்சின்னா நான் எங்க இருந்து எடுத்துத் தருவேன்? அந்தப் பயம் வந்துட்ட பொறவு அடுத்தவங்க காசத் தொடக் கூடாது." பிறகு மணிமொழியைப் பார்த்துச் சொன்னார். "மண்டியில வட்டிக்கு சரக்குக் கேட்டிருக்கேன். கட யாவாரம் தொடங்கி இதான் மொத தடவ. இன்னிக்கி வரும்."

"வட்டிக்கு ஏன் பாயி? இந்தா இருக்குதே!" ரங்கம்மாள் பணத்தை அவர் பக்கம் தள்ளினாள். அவர் இவள் பக்கம் தள்ளினார். "டீச்சரு, நீ சொல்லு. இன்னா செய்யலாம்? நீ சொன்னா பாயி கேப்பாரு" என்றாள்.

இரண்டு பேரும் மணிமொழியைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். திருப்பிப் போஸ்டாபீசில் போடு என்று சொல்லலாம். வாங்கிக்கொள்ளுங்கள் பாய், ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அவர்களுக்கும் ஒரு வட்டி கொடுங்கள் என்று சொல்லலாம். பாதியை இங்கே, பாதியை அங்கே என்றும் சொல்லலாம். ஒவ்வொன்றும் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் வேறொன்று வந்து அதைத் தள்ளியது. யாருடைய முகத்தைப் பார்த்தும் இதுதான் சரி என்று சொல்லத் துணிவு வரவில்லை. அண்ணன் இருந்தால் என்ன சொல்வான் என்று கூட ஒரு நொடி நினைத்தாள்.

வெளியே லாரி வந்து நின்றது. சேலத்திலிருந்து சரக்கு. கிளீனர் பின்கதவைத் தட்டி, "பாய், சீக்கிரம் வாங்க, இன்னும் நாலு கடைக்குப் போவணும்" என்று கத்தினான். தூசி கடைக்குள் வந்தது, பலகையில் இருந்த நோட்டுகள் காற்றில் புரண்டன. ஷேக் பரீத் அவசரமாக எழுந்தவர், தராசுத் தட்டில் இருந்த இரும்பு எடைக்கல்லை எடுத்து நோட்டுகள் மேல் வைத்துவிட்டு, தோளில் சாக்கைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார். முதல் மூட்டை உள்ளே வந்து பச்சைச் சுவரோரம் விழுந்தது. அடுத்தது வந்தது. பலகைக்கு இந்தப் பக்கம் இரண்டு பெண்களும் கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எடைக்கல்லுக்கு அடியில் நோட்டுகளின் ஓரங்கள் எழும்பி எழும்பிப் படிந்துகொண்டிருந்தன.